மாமா மேலே போய்வந்த கதை

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஆபரேஷன் செய்யக் கூடாது என்பது பெருமாள் உத்தரவு. உத்தரவை வாங்கி வந்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி, எங்கள் வழக்கப்படி என் அக்காவையே கட்டிக்கொண்டதால் அக்கா புருஷனும் அவர்தான். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் அவர் உப்பு கேட்டால் எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு வருவாள்.

உத்தரவு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது சித்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குக் குடல்வால் வீங்கி, சித்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆள் மட்டும் எழவில்லை. மூச்சும் தானாக வரவில்லை. டாக்டரும் நர்சுகளும் மாற்றி மாற்றி ஒரு ரப்பர் பையை அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஏன் எழவில்லை என்று அந்த டாக்டருக்கே தெரியவில்லை, பாவம். ஆனால் பையை விடவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

மத்தியானத்துக்கு மேல் சொந்தக்காரர்களை உள்ளே விட ஆரம்பித்தார்கள். பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொன்ன தொனியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே போனவர்கள் அழுதார்கள். அழுது முடித்தவர்கள், நம் ஜனங்களுக்கே உரிய வேகத்தோடு, மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பேச ஆரம்பித்தார்கள். அத்தை ஒருத்தி மாமாவின் மொபெட்டைத் தன் மகனுக்குக் கேட்டாள். எங்கள் நைனா, அதாவது என் அப்பா, எதையும் முன்கூட்டியே யோசிக்கிற மனுஷன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பெரியப்பாவிடம் சொன்னார்: “பொண்ணு சின்ன வயசு. அப்படியே உட்டுட முடியாது. புத்தூர்ல ஒரு பையன் கீறான்.”

சாயங்காலம் மாமாவின் விரல் அசைந்தது. அப்புறம் தானாக மூச்சு வந்தது. மறுநாள் குரலும் வந்தது. நைனாவைப் பக்கத்தில் கூப்பிட்டு மாமா கேட்ட முதல் கேள்வி: “இன்னா மாமா, புத்தூர் பையன் வந்துட்டானா?”

நைனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. மொபெட் அத்தை முதற்கொண்டு, யார் எங்கே நின்று என்ன பேசினார்கள் என்று வார்த்தை மாறாமல் ஒப்பித்தார். கண்ணை மூடிப் பிணம்போலக் கிடந்த மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? உயிர் உடம்பை விட்டு வெளியே வந்து, மேலே நின்று கேட்டிருக்கிறது என்று அந்த வார்டிலேயே முடிவாகிவிட்டது. “பெருமாளப் பாத்தியாடா?” என்று அத்தை கேட்டாள். “வெளிச்சமா இருந்திச்சி” என்றார் மாமா. அது போதாதா? ஊர் திரும்புவதற்குள் வெளிச்சத்துக்குச் சங்கும் சக்கரமும் முளைத்துவிட்டன. ‘உன் குலத்தில் ஒருவர் மேலும் கத்தி படக்கூடாது’ என்று ஏழுமலையான் சொல்லி அனுப்பினதாகவும் ஆயிற்று. மாமாவும், “வாணாம், நம்ம ரத்தத்துக்குக் கத்தி ஆவாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து மாமாவுக்குத் தனி மரியாதை. கல்யாணம் பேசுகிறவர்கள், நிலம் வாங்குகிறவர்கள் எல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போவார்கள். உத்தரவிலும் அவரவர் வசதிக்கு வழி கண்டுபிடித்தார்கள். கண்புரை எடுத்தால் தப்பில்லை, அது சொட்டு மருந்தோடு போகிற விஷயம். பிரசவத்துக்கு வயிற்றைக் கிழிக்கலாம், முதுகில்தான் ஊசி, ஆள் விழித்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே பெருமாள் கண்டுகொள்ள மாட்டார். ஆளை முழுதாகத் தூங்கவைக்கிற மத்து மந்துதான் கூடாது. மயக்க மருந்துக்கு எங்கள் பக்கம் தெலுங்கில் அதுதான் பேர்.

போன வருஷம் என் முறை வந்தது.

நான் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். மொட்டை போட்டுக்கொண்டு வந்து வெந்நீர் எங்கே என்று கத்துகிறவர்களை நாலு பாஷையில் சமாளிக்கிற வேலை. எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம் சாப்பாடு. பூரி மசாலா என்றால் அடுத்த தெருவுக்கும் போவேன். அந்தப் பூரிதான் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் தின்றுவிட்டு மேசைக்கு வந்தேன். வலது விலாவுக்குக் கீழே யாரோ கடப்பாரையை விட்டு நெம்புகிற மாதிரி வலி, முதுகு வரைக்கும். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். கொஞ்ச நாளில் கண்ணும் மஞ்சளாயிற்று. ஒரு கல் நழுவிக் குழாயில் போய்ச் சிக்கி, என் நல்ல காலம், தானாக இறங்கிவிட்டது.

“அடுத்த தடவ எறங்காமப் போனா உயிருக்கே ஆபத்தும்மா. பையையே எடுத்துடணும். ரொம்பத் தள்ளிப்போடாதீங்க” என்றார் சர்ஜன்.

என் வீட்டுக்காரர் திருத்தணிக்காரர், சாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே, “மாமாவ ஒரு வார்த்த கேட்டுடலாம்” என்றார். போன் போட்டேன்.

“வாணாம்மே. கல்லுதான? வாழத்தண்டு சாறு குடி.”

“அது கிட்னி கல்லுக்கு மாமா. இது பித்தப்பைக் கல்லு.”

“கல்லுல இன்னா ஜாதி? கல்லு கல்லுதான். கத்தி மட்டும் வாணாம், சொல்லிட்டேன்.”

அக்கா போனைப் பிடுங்கி, “நீ துன்ற தீனிக்குக் கல்லு வராம பூவா பூக்கும்? வாயக் கட்டு மொதல்ல” என்றாள். என் அக்காவுக்கு அன்பு வந்தாலும் இந்த வாய்தான், கோபம் வந்தாலும் இந்த வாய்தான்.

நாற்பத்தைந்து தாண்டியவள், கையெழுத்துப் போட எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உள்ளுக்குள் நானும் பயந்தேன். வார்டில் மாமா கிடந்த கிடப்பை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெருமாளை நம்பினேனோ இல்லையோ, அந்த ரப்பர் பையை நம்பினேன். ஆபரேஷன் செய்யாவிட்டால் கல் கொல்லும், செய்தால் மருந்து கொல்லும் என்று கஞ்சியும் எண்ணெய் இல்லாத இட்லியுமாகக் காலம் தள்ளினேன். அதைவிடச் சாவே தேவலை என்று சில நாள் தோன்றியதும் உண்மை.

கடைசியில் ஒருநாள் மனத்தைத் தேற்றிக்கொண்டு, ஆபரேஷனுக்கு முன்னால் செய்கிற சோதனைகளுக்குப் போனேன். மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண், பலமனேர்க்காரி. தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிற பேச்சு. சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள், “மீ இன்ட்லோ, உங்க வீட்ல யாருக்காவது மத்து மந்து குடுத்து ஏதாச்சும் கஷ்டம் ஆச்சாம்மா?” என்றாள்.

சிரித்துக்கொண்டே மாமா கதையைச் சொன்னேன். நன்றாகவே சொல்வேன், கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லிப் பதம் வந்த கதை. புத்தூர் பையனிடம் வந்தால் யாராக இருந்தாலும் சிரித்துவிடுவார்கள். இந்தப் பெண் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள்.

“எல்லாத்தையும் கரெக்டா சொன்னாரா?”

“ஒரு வார்த்த மாறல.”

“எனக்கு அவரைப் பாக்கணும்மா. அதுவரைக்கும் உங்களுக்கு நான் தேதி குடுக்க மாட்டேன்.”

பிறகு விளக்கினாள். தொண்டையில் குழாய் வைப்பதற்காக உடம்பின் தசைகளையெல்லாம் தளரவைக்கிற மருந்து ஒன்று உண்டு. அது போட்டால் கை கால் மட்டுமல்ல, மூச்சுகூட நிற்கும். மருந்து இறங்குகிறவரை டாக்டர்கள் மூச்சுக் கொடுப்பார்கள். நம் ரத்தத்தில் இருக்கிற ஒரு என்சைம் அந்த மருந்தைச் சில நிமிஷத்தில் உடைத்துத் தள்ளிவிடும். சிலருக்கு அந்த என்சைமை உண்டாக்குகிற மரபணு பழுது. மருந்து போகாது, மணிக்கணக்காக அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். தூங்கவைக்கிற மருந்து வேறு. அது தன் நேரத்துக்குத் தெளிந்துவிடும்.

“அப்படின்னா?” என்றேன்.

“அவர் மேல எங்கயும் போகலம்மா. முழிச்சிக்கினு அங்கேயே இருந்திருக்கார்.”

பெற்றோர் இரண்டு பேரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இப்படி ஆகுமாம். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொள்கிற குடும்பங்களில் அது நடக்க வாய்ப்பு கூடுதல். எங்கள் வீட்டு உறவுமுறையைச் சொல்லச் சொல்லிக் காகிதத்தில் போட ஆரம்பித்தாள். மரம்போல வர வேண்டியது, போட்ட கோடெல்லாம் திரும்பி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்து சிக்குக்கோலமாகிவிட்டது. மாமாவை அம்மாவுக்குக் கீழே எழுதி, அக்காவுக்குப் பக்கத்திலும் எழுதி, “இவரும் அவரும் ஒரே ஆளா?” என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் தாயே, ஒரே ஆள்தான், தொண்டையும் ஒன்றுதான் என்றேன். என் ரத்தத்தை எடுத்துக்கொண்டாள். மாமா ரத்தமும் வேண்டும் என்றாள்.

புலியிடமே போய்ப் பால் கேட்கிற வேலை. நல்லவேளையாகப் புரட்டாசி நெருங்கியிருந்தது. வருஷாவருஷம் மாமா அலிபிரியிலிருந்து நடந்தே மலை ஏறுவார். மொட்டை போட்டு, தரிசனம் முடித்து, அக்காவோடு என் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் நகரி போவார். அன்றைக்கு அவருக்குப் பிடித்த புளியோதரையும் வடையும் செய்து போட்டு, நான் கஞ்சி குடித்துக்கொண்டே பேச்சை எடுத்தேன். “மாமா, டாக்டரம்மா ஒண்ணு கீது. அன்னிக்கு உனக்கு நடந்தத உன் வாயால கேக்கணுமாம்.”

இதில் ஒரு பொய்யும் இல்லை. மாமா நெற்றியில் நாமத்தைப் புதுப்பித்துக்கொண்டு கிளம்பினார். ஒரு டாக்டருக்கே பெருமாள் கதை தேவைப்படுகிறது என்றால் சும்மாவா? ஆட்டோவில் வரும்போதே, அந்தப் பொண்ணுக்கு நாலு வார்த்தை சொல்லி, என் ஆபரேஷனையும் ரத்து செய்துவிட்டுத்தான் திரும்பப்போவதாக அறிவித்தார்.

டாக்டர் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். உட்காரவைத்தாள். மாமா தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பிப்பதற்குள் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஐயா, அன்னிக்குக் கண்ணத் தொறக்கணும்னு பாத்தீங்களா?”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அவரைப் பெருமாள் எப்படி இருந்தார், என்ன நிறம், என்ன நகை என்று கேட்டிருக்கிறோம். இப்படி யாருமே கேட்கவில்லை.

“பாத்தம்மா” என்றார். அவருடைய குரல்தானா என்று திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு சின்னதாக இருந்தது. “தொறக்க முடியல. வெரல அசைக்கலாம்னு பாத்தேன், முடியல. கூவினேன். உள்ளாறவே கூவிக்கினு கீறேன், வெளிய வரல. மூச்சுகூட நான் உடல, யாரோ உட்டாங்க. எல்லாம் கேக்குது. செத்துட்டம் போலன்னு நெனச்சேன். செத்தா இப்பிடித்தான் இருக்கும் போல, எல்லாம் கேட்டுக்கினே கெடக்கணும் போலன்னு…”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“பெருமாளப் பாத்தேன்னு நான் எப்ப சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க” என்று எங்கள் பக்கம் திரும்பினார். “இல்லேன்னு சொன்னா உடவா போறீங்க? நான் பட்டது இன்னொருத்தரு படக்கூடாதும்மா. அதாலதான் வாணாம் வாணாம்னு சொல்லிக்கினு இருந்தேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை கல்யாணப் பந்தியில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்திருப்பேன்! பக்கத்திலேயே உட்கார்ந்து அவரும் சிரித்திருக்கிறார்.

டாக்டர் பெண் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எனக்குச் சொன்னதையெல்லாம் அவருக்கும் பொறுமையாகச் சொன்னாள். மாமா முழுதும் கேட்டுவிட்டு, “அப்ப நான் சாவவே இல்லியா?” என்றார்.

“ஒரு நொடிகூட இல்லைங்க ஐயா.”

மாமா தன் மொட்டைத் தலையை ஒரு தடவு தடவினார். அப்புறம் சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். “எடுத்துக்கோம்மா. எவ்ளோ வேணுமோ எடுத்துக்கோ.”

மாமாவுக்கு அந்த என்சைம் இருந்தும் இல்லாத கணக்கு. எனக்கும் அப்படியே. மரபணுவைப் பார்க்க ரத்தம் ஐதராபாத் போயிற்று. அந்த முடிவு வருவதற்குள் நகரியில் சண்டை மூண்டுவிட்டது. “இதெல்லாம் உங்க அம்மா வீட்டுச் சீதனம்” என்று அக்காவிடம் சொன்னார் நைனா. “அப்ப உம் சின்னப் பொண்ணுக்கு எப்பிடி வந்திச்சாம்? ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வரும்னு டாக்டரம்மா சொல்லிச்சே” என்றார் மாமா. இதைத் தீர்த்துவைக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிக் கையை நீட்டினார்கள். தறியை நிறுத்திவிட்டு அக்கம்பக்கத்தவர்களும் வந்தார்கள். டாக்டர் பெண் லேப் ஆட்களோடு வந்து இறங்கினாள். ரத்தம் கொடுப்பதற்கு வெறும் வயிறு தேவையில்லை என்று அவள் சொன்னதும் கூட்டத்தில் பெரிய நிம்மதி; அக்கா பிரியாணிக்கு உலை வைத்தாள். மொபெட் அத்தை மட்டும், மொட்டை போட்ட மாமா தலையில் முடி இல்லையே, சோதனைக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டாள். டிவியில் எதிலோ முடியை எடுத்துச் சோதிப்பதைப் பார்த்திருக்கிறாள்.

முடிவு வந்தது. மாமாவுக்கும் எனக்கும் இரண்டு பக்கத்து மரபணுவும் பழுது. அக்காவுக்கு ஒன்று. நைனாவுக்கும் ஒன்று. ரிப்போர்ட்டை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலைகீழாகவும் பார்த்தார் நைனா. “இது வியாதியே இல்லைங்க ஐயா. வாழ்க்கை பூரா ஒரு தொந்தரவும் தராது. அந்த ஒரு மருந்தையும் அதோட வகையறாவையும் மட்டும் போடக் கூடாது. வேற நல்ல மருந்து இருக்குது” என்று டாக்டர் பெண் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. போடக் கூடாத மருந்தின் பெயரை அட்டையில் அச்சடித்து எங்களுக்குக் கொடுத்தார்கள். மாமா அதை பஸ் கண்டக்டரிடம்கூடக் காட்டுகிறார். மேலே போய்வந்த பெருமை போய்விட்டதே என்று நாங்கள் வருத்தப்பட்டால், அவர் “எனக்கு என்சைமே கெடையாது” என்று அதையும் பெருமையாக்கிக்கொண்டார். நிலம் வாங்குகிறவர்கள் இப்போதும் அவரைத்தான் கேட்கிறார்கள்.

ஆபரேஷன் அன்று காலை எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். மாமா டாக்டர் பெண்ணிடம் மூன்றாவது முறையாக என் அட்டையை நீட்டினார். அவள் மூன்றாவது முறையும் வாங்கிப் படித்துவிட்டுக் கொடுத்தாள். தள்ளுவண்டியில் படுத்ததும் இறங்கி வீட்டுக்கே போய்விடலாமா என்று தோன்றியது. எல்லாம் தெரிந்ததுதான், படித்ததுதான், கையெழுத்துப் போட்டதுதான். பயத்துக்கு அதெல்லாம் தெரியவில்லை. மேலே வட்ட விளக்கு தெரிந்தது. டாக்டர் பெண் என் தோளில் கை வைத்து, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் என்ன சாப்பிடுவீங்க என்று கேட்டாள். பூரி என்று சொன்னேனோ, சொல்ல நினைத்தேனோ.

விழிப்பு வந்தது. கண் திறக்கவில்லை. இமை அவ்வளவு கனம். நான் கிடக்கிறேன் என்று தெரிகிறது, யாரோ நடமாடுகிறார்கள் என்று தெரிகிறது. திடுக்கென்றது. ஐயோ, அதே மருந்தைப் போட்டுவிட்டார்களா?

அப்போது காதருகே தறிக்கூடம் ஓடுகிற மாதிரி ஒரு குரல்.

“ஏம்மே, எழுந்திரு! துன்றதெல்லாம் துன்னுட்டு இங்க வந்து சொகமாத் தூங்கிக்கினு கீறியா? வெளிய உம் புருஷன் பச்சத் தண்ணி குடிக்காம அழுதுக்கினு கீறான், வெக்கமா இல்ல? ஊர்ல இல்லாத கல்லு! எழுந்திரு சொல்றேன், சோம்பேறி!”

“பெரியவரே, பேஷண்ட்ட இப்படித் திட்டக் கூடாது” என்றது ஒரு நர்ஸின் குரல்.

“நீ சும்மா இரும்மா, உனக்குத் தெரியாது. ஏய், எழுந்திருடி!”

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வயிற்றில் ஓட்டை போட்டுக்கொண்டு கிடக்கிறவளை ஒரு மனுஷன் இப்படியா பேசுவது? கண் திறந்தது. தொண்டை கரகரத்தாலும் வார்த்தை வந்தது. “வாய மூடு மாமா” என்றேன். மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றார். அவரை உள்ளே விட்ட டாக்டர் பெண் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டை விட்டாள்.

சாயங்காலம் வார்டுக்கு வந்த பிறகும் என் கோபம் ஆறவில்லை. அக்கா கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்படித் திட்டினாய் என்று மாமாவையே கேட்டேன்.

மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னிக்கு எல்லாரும் வந்து அழுதாங்கம்மே. நல்லவன், வல்லவன்னு சொன்னாங்க. கேக்கக் கேக்க, செரி, நாம செத்துதான் போயிட்டோம்னு முடிவு பண்ணிட்டேன். அப்ப உங்க அக்கா வந்தா. ‘யோவ், எழுந்திருய்யா, நடிக்கிறியா, உன்ன மாரி சோம்பேறிய நான் பாத்ததே இல்ல’ன்னு திட்டுறா. நிறுத்தவே இல்ல. வெளிய தள்ளினாங்க, கதவாண்ட நின்னுக்கினு திட்டுறா. அப்பதான் நெனச்சேன். செத்தவன யாராச்சும் திட்டுவாங்களா? நாம உயிரோடதான் கீறோம். இவ திட்றவரைக்கும் கீறோம்னு அதையே புடிச்சிக்கினு கெடந்தேன். அதால சொல்றேன், கண்ணத் தொறக்க முடியாதவங்ககிட்ட நல்ல வார்த்த பேசவே கூடாது. பயந்துடுவாங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் ஆரஞ்சுச் சுளையில் நார் எடுப்பதிலேயே குறியாக இருந்தாள்.

“நான் ஒண்ணும் யோசன பண்ணித் திட்டல” என்றாள் தலையை நிமிர்த்தாமல். “என்னத் தனியா உட்டுட்டுப் போறியேன்னு நெசமாவே கோவம்.”

மாமா அவள் மடியிலிருந்து ஒரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “தெரியுண்டி” என்றார். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நான் தையலைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.